'நான்தான்' வேறு, 'நானோ' வேறு: கொரிய இலக்கணம் குழப்பும் இடங்கள்

கொரிய மொழி படிக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். எழுந்து நின்று 'ஜெகா ஹக்ஸெங்-இஎயோ' என்றேன். 'நான் ஒரு மாணவன்' என்று சொன்னதாகத்தான் நினைப்பு. ஆசிரியை சிரித்துவிட்டு, "இங்கே யார் மாணவன் என்று யாராவது கேட்டார்களா?" என்றார். நான் சொன்னது 'நான்தான் மாணவன்'. சொல்லியிருக்க வேண்டியது 'ஜொநுன் ஹக்ஸெங்-இஎயோ'.

'கா' போட்டதற்கும் 'நுன்' போட்டதற்கும் இவ்வளவு வித்தியாசமா என்று அன்று இரவு பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். 'நுன்' 'டாபிக் மார்க்கர்', 'கா' 'சப்ஜெக்ட் மார்க்கர்' என்று போட்டிருந்தது. இரண்டு பெயரும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக வைத்தவை. அவர்கள் மொழியில் இப்படிப்பட்ட ஒட்டுச்சொற்கள் இல்லாததால் பக்கம் பக்கமாக விளக்கம் வேண்டியிருக்கிறது. நமக்கோ தான், ஓ, உம், மட்டும் என்று ஒரு பட்டாளமே வீட்டில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்க் குழம்புகிறோம். கொரிய வாக்கியத்தை முதலில் பேச்சுத் தமிழில் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். மீதிப் பாதியில் தமிழே காலை வாரிவிடும் சில இடங்கள் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. கொரியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தர முடியும். 'ஒ' என்று எழுதியிருப்பது அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவிலுள்ள ஒலி. 'நுன்' என்பதில் வரும் உகரத்துக்கு உதட்டைக் குவிக்கக் கூடாது. 'பாட்டு', 'கிழக்கு' என்று சொல்லும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் வருகிறதே, நம் குற்றியலுகரம், அதேதான். பலர் மாதக்கணக்கில் போராடும் ஒலி நமக்குப் பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கிறது.

சரி, இப்போது 'நுன்', 'கா'. உயிரொலியில் முடியும் சொல்லுக்குப் பின்னால் 'நுன்', மெய்யில் முடிந்தால் 'உன்'. அதேபோல உயிருக்குப் பின் 'கா', மெய்க்குப் பின் 'இ'. இது வெறும் புணர்ச்சி, நமக்குப் பழகின சமாச்சாரம். 'நான்' என்பதற்கான 'ஜொ', 'கா' சேரும்போது 'ஜெகா' என்று உருமாறும், அவ்வளவுதான். கேள்வி எதை எப்போது போடுவது என்பதில்தான்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளேயிருந்து 'நுகா வஸ்ஸொயோ?' என்று கேட்கிறார்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று கேள்வி. பதில் 'மின்ஸுகா வஸ்ஸொயோ'. தமிழில் 'மின்ஸுதான் வந்திருக்கான்'. கேட்டது ஆளை, பதிலில் புதுசாக வந்ததும் ஆள். அந்தப் புதுச் செய்தியின் மேல் 'கா' உட்காருகிறது.

இப்போது வேறொரு காட்சி. நண்பர்கள் ஐந்து பேர் வருவதாக இருந்தது. எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்கிறார்கள். 'மின்ஸுநுன் வஸ்ஸொயோ' என்கிறோம். 'மின்ஸு வந்துட்டான்...' என்று இழுக்கிறோமே, அந்த இழுப்புதான் 'நுன்'. மற்ற நாலு பேர் வரவில்லை என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். எழுத்துத் தமிழில் 'மின்ஸுவோ வந்துவிட்டான்' என்று எழுதினாலும் அதே தொனி. இப்படிச் சொல்லாமல் விட்டதை உணர்த்தும் ஓகாரத்துக்கு நம் பழைய இலக்கணக்காரர்கள் ஒழியிசை என்று பேர் வைத்திருக்கிறார்கள். 'நுன்' பற்றி நான் படித்த எந்த விளக்கமும் இந்த ஒற்றைச் சொல் அளவுக்குத் தெளிவாக இல்லை.

ஆனால் 'நுன்' எப்போதுமே ஒப்பிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது வெறுமனே 'இனி பேசப்போவது இதைப் பற்றி' என்று ஆளையோ பொருளையோ மேசைமேல் எடுத்து வைக்கிறது. பேச்சுத் தமிழில் "அப்பாவா? அவர் கடைக்குப் போயிருக்காரு" என்கிறோம் இல்லையா, அந்த 'அப்பாவா' செய்கிற வேலைதான் இது. என் அறிமுக வாக்கியத்துக்கும் இதுதான் தேவைப்பட்டது. 'நானா? நான் மாணவன்.'

கதை சொல்லும்போது இரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம். 'யென்னாரெ ஹன் ஹராபொஜிகா ஸராஸ்ஸொயோ.' முன்னொரு காலத்தில் ஒரு தாத்தா இருந்தார். தாத்தா இப்போதுதான் கதைக்குள் நுழைகிறார், அதனால் 'கா'. அடுத்த வாக்கியம் 'கு ஹராபொஜிநுன்...' என்று போகும். அந்தத் தாத்தா தெரிந்த ஆளாகிவிட்டார், இனி அவரைப் பற்றிப் பேசலாம். நாம் 'ஒரு தாத்தா', 'அந்தத் தாத்தா' என்று செய்கிற வேலையை அவர்கள் ஒட்டுச்சொல்லாலும் செய்துகொள்கிறார்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'கா' என்றால் 'தான்' என்று மனப்பாடம் செய்துகொண்டு போனால் மழையில் வழுக்கும். 'பிகா வயோ' என்றால் 'மழை பெய்யுது'. 'மழைதான் பெய்யுது' இல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்ததும் வாயில் வருகிற மொத்த வாக்கியமும் புதுச்செய்தி. அப்படி வரும் இடத்திலும் 'கா'தான், தமிழிலோ அங்கே எதுவும் ஒட்டாது. ஆக 'கா'வுக்கு இரண்டு முகம். ஆளைத் தேடும் கேள்விக்குப் பதிலானால் 'தான்', வாக்கியம் முழுக்கப் புதுசானால் வெறும் எழுவாய்.

யார், எது போன்ற கேள்விச் சொற்கள் எழுவாயாக வந்தால் 'கா'தான் சேரும், சாதாரணமாக 'நுன்' சேராது. தெரியாத ஆளை எப்படி 'இவரைப் பற்றிப் பேசுவோம்' என்று எடுத்து வைக்க முடியும்? தமிழில் 'யார்' என்பதோடு ஓகாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். 'யாரோ வந்தார்' என்றாகி, கேள்வியே காணாமல் போய்விடுகிறது.

பெயரெச்சத்துக்குள்ளும் அப்படித்தான். 'ஜெகா மந்துன் உம்ஷிக்' என்றால் 'நான் செய்த சாப்பாடு'. இங்கே 'ஜொநுன்' போட்டால் இடிக்கும், 'நானோ செய்த சாப்பாடு' இடிப்பதைப் போலவே. 'நுன்' வாக்கியத்தின் தலைவாசலில் நிற்கும் சொல். உள்ளறைக்கு அதை அழைத்துப் போகக் கூடாது.

அடுத்தது, ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம், நமக்கு அல்வா. 'கோக்கிரிநுன் கோகா கிரொயோ.' கோக்கிரி என்றால் யானை, கோ என்றால் மூக்கு. ஒரு வாக்கியத்தில் இரண்டு எழுவாயா என்று அவர்கள் கேட்கிறார்கள். நாம் 'யானைக்கு மூக்கு நீளம்' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். 'ஜொநுன் கிம்சிகா ஜோஆயோ' என்றால் 'எனக்குக் கிம்ச்சி பிடிக்கும்'. பிடிப்பது யாருக்கோ அவர் 'நுன்', பிடித்த பொருள்தான் எழுவாய், அதற்கு 'கா'. 'தோனி பிரியோஹெயோ' என்றால் 'பணம் வேணும்'. தோனி கிரிக்கெட் வீரர் இல்லை, பணம் என்கிற 'தோன்' என்பதோடு 'இ' சேர்ந்திருக்கிறது. 'டாக்டர் ஆனார்', 'மாணவன் இல்லை' என்பதில் டாக்டருக்கும் மாணவனுக்கும் நாம் 'ஐ' சேர்ப்பதில்லை. கொரியத்திலும் ஆவதற்கும் அல்ல என்பதற்கும் முன்னால் 'இ' அல்லது 'கா'தான்: 'உய்ஸகா த்வெஸ்ஸொயோ', 'ஹக்ஸெங்-இ அனியெயோ'. 'எனக்கு' என்பதை 'ஜொநுன்' என்று மாற்றிக்கொள்ளத் தெரிந்துவிட்டால் இந்த வகை வாக்கியங்கள் எல்லாம் சுலபம்.

இன்னொன்று. 'உம்' என்பதற்கு 'தோ'. நானும் என்றால் 'ஜொதோ'. 'தோ' வந்துவிட்டால் 'நுன்', 'கா' இரண்டும் கழன்றுகொள்ளும். 'நானுமோதான்' என்று அடுக்கத் தேவையில்லை.

இனி தமிழ் காலை வாரும் முதல் இடம். 'வீட்ல இருக்கேன்', 'வீட்ல படிக்கிறேன்'. இரண்டிலும் ஒரே 'ல'. கொரியத்தில் முதலாவது 'ஜிபெ இஸ்ஸொயோ', இரண்டாவது 'ஜிபெஸொ கோங்புஹெயோ'. சும்மா இருப்பதற்கும் போய்ச் சேருவதற்கும் 'எ', ஒரு வேலை நடக்கும் இடத்துக்கு 'எஸொ'. தமிழ் பேசுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'எ' போட்டுவிடுவார்கள், நானும் போட்டேன். இதற்கு நான் கண்டுபிடித்த சோதனை தென் மாவட்டத்துப் பேச்சில் இருக்கிறது. 'பஸ் ஸ்டாண்டுல வச்சுப் பார்த்தேன்', 'கடையில வச்சுப் பேசினோம்' என்பார்கள். 'வச்சு' சேர்த்துப் பாருங்கள், பொருந்தினால் 'எஸொ'. 'வீட்ல வச்சுப் படிக்கிறேன்' சரி. 'வீட்ல வச்சு இருக்கேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் 'எ'. பாடப்புத்தகத்தை மடக்கும் வாக்கியத்துக்கும் இது வேலை செய்கிறது. 'பள்ளிக்கூடத்துல மீட்டிங் இருக்கு' என்பதில் 'இருக்கு' வந்தாலும் கொரியத்தில் 'எஸொ'தான் வரும். ஏனென்றால் மீட்டிங் அங்கே வச்சு நடக்கிறது. வசிப்பது என்ற வினைக்கு இரண்டையும் போடலாம். 'ஸொஉலெ ஸராயோ', 'ஸொஉலெஸொ ஸராயோ' இரண்டும் சியோலில் வசிப்பதுதான். அப்புறம், 'எஸொ'வுக்கு 'இருந்து' என்ற பொருளும் உண்டு. 'ஜிபெஸொ வஸ்ஸொயோ', வீட்டிலிருந்து வந்தேன்.

காரணம் சொல்வது அடுத்த குழப்பம். 'ஸொ' என்று ஒன்று, 'னிக்கா' என்று ஒன்று. இரண்டுக்கும் அகராதியில் 'ஆகையால்'.

'ஸொ' நம் வினையெச்சத்தின் உறவுக்காரன். 'ஷிஜங்எ கஸொ க்வஇருல் ஸஸ்ஸொயோ', சந்தைக்குப் போய்ப் பழம் வாங்கினேன். அந்த 'போய்'தான் 'கஸொ'. 'போய் வாங்கினேன்', 'போய் வாங்குவேன்' இரண்டிலும் 'போய்' மாறுவதில்லை, காலத்தைக் கடைசி வினை சுமக்கிறது. அதனால்தான் 'ஸொ'வுக்கு முன்னால் இறந்தகாலம் போடக் கூடாது என்ற விதி. விதியாகப் படித்தால் பாரம், 'போய்' என்று நினைத்தால் அதுவாக வரும். காரணமாக வரும்போதும் அப்படியே. 'அபஸொ மோத் கஸ்ஸொயோ', உடம்பு சரியில்லாமல் போக முடியவில்லை.

'னிக்கா' வேறு ஜாதி. காரணத்தைக் கேட்பவர் முன்னால் தூக்கிப் போட்டு, 'நீயே பார்க்கிறாயே, அப்புறம் என்ன' என்கிற தொனி. பேச்சுத் தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு 'ல்ல' இருக்கிறது. 'மழை பெய்யுதுல்ல, குடை எடுத்துட்டுப் போங்க.' 'பிகா ஓனிக்கா உஸனுல் கஜொகஸெயோ.' காரணத்துக்குப் பின்னால் கட்டளை, வேண்டுகோள், 'வா போகலாம்' மாதிரி அழைப்பு வந்தால் 'னிக்கா'தான், 'ஸொ' வராது. தமிழ் இரண்டாவது முறை காலை வாருவது இங்கேதான். 'மழை பெய்யறதால குடை எடுத்துட்டுப் போங்க' என்பது நமக்குச் சரியான வாக்கியம். அதே நினைப்பில் 'பிகா வஸொ' என்று தொடங்கிக் கட்டளையில் முடித்தால் தப்பு.

மன்னிப்புக்கும் நன்றிக்கும் இது தலைகீழ், 'ஸொ'தான் வர வேண்டும். 'நுஜொஸொ மியன்ஹெயோ', லேட்டா வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க. ஏன் லேட் என்று மேலதிகாரி கேட்டாலும் 'கிரி மக்யொஸொ' என்பதுதான் மரியாதை, வழியில் நெரிசல். அதையே 'மக்யொஸ்ஸுனிக்கா' என்றால் 'ட்ராஃபிக்கா இருந்துச்சுல்ல?' என்று அவரையே திருப்பிக் கேட்ட மாதிரி ஆகிவிடும். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அவர் முகம் மாறும்.

மரியாதை என்றதும் எல்லாரும் பயப்படுவார்கள். 'யோ' சேர்த்தால் மரியாதை, 'ஷி' சேர்த்தால் கூடுதல் மரியாதை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று என்று புரிந்துகொண்டால் போச்சு. இரண்டும் வெவ்வேறு திசை. 'யோ' எதிரே நின்று கேட்பவருக்கு. 'ஷி' வாக்கியத்தில் வேலை செய்பவருக்கு. இதைப் புரிந்துகொள்ள ஒரு கொங்கு நாட்டுக்காரர் பேசுவதைக் கேட்டால் போதும். பெரியவரிடம் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது 'தம்பி வந்தானுங்க' என்பார். தம்பிக்கு 'ஆன்', பெரியவருக்கு 'உங்க'. 'தோங்ஸெங்-இ வஸ்ஸொயோ' என்பது அதேதான், 'ஷி' இல்லை, 'யோ' உண்டு. கூட்டாளியிடம் 'பாட்டி வந்துட்டாங்கடா' என்றால் பாட்டிக்கு மரியாதை, அவனுக்கு டா. 'ஹல்மொனிகா ஓஷொஸ்ஸொ.' 'ஷி' ('ஷொ' என்று உருமாறி) உண்டு, 'யோ' இல்லை. இரண்டு பேருக்கும் மரியாதை என்றால் இரண்டும் வரும், 'ஓஷொஸ்ஸொயோ'. தனக்குத் தானே 'ஷி' போட்டுக்கொள்ள முடியாது. நான் வந்தாங்க என்று யாராவது சொல்வார்களா?

தென்கொரியக் காபிக் கடைகளில் இந்த 'ஷி' படும் பாடு தனிக்கதை. வாடிக்கையாளரை மகிழ்விக்கும் ஆர்வத்தில் 'கொபி நஓஷொஸ்ஸும்னிதா' என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. 'காபி எழுந்தருளியிருக்கிறார்' என்று அர்த்தம். தப்பு என்று மொழி அறிந்தவர்கள் எத்தனை முறை சொன்னாலும் காபிக்குக் கிடைத்த மரியாதை இன்னும் முழுக்கப் போகவில்லை. நாம் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

'நீங்க' என்பதற்கு அகராதியில் 'தங்ஷின்' என்று இருக்கும். ஆசிரியரையோ மேலாளரையோ அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள். கணவன் மனைவிக்குள்ளும் விளம்பரங்களிலும் வரும், தெருச்சண்டையிலும் வரும். நேரில் பேசும்போது பதவியையோ உறவையோ சொல்லிவிடுவதே வழக்கம். ஆசிரியர் என்றால் 'ஸொன்ஸெங்னிம்', முதலாளி என்றால் 'ஸஜங்னிம்'. 'சார் சாப்பிட்டாச்சா', 'அக்கா எங்க கிளம்பிட்டீங்க' என்று நாமும் 'நீங்க'வைத் தனியாகச் சொல்லாமலேதானே பேச்சை ஓட்டுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி துணைவினைகள். 'போதா' என்றால் பார்ப்பது. 'மொகொ போதா' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. கண்ணால் அல்ல, முயன்று பார்ப்பது. 'ஜுதா' என்றால் கொடுப்பது, 'ஹெ ஜுதா' என்றால் செஞ்சு கொடுப்பது. 'துதா' என்றால் வைப்பது, 'அரா துதா' என்றால் தெரிஞ்சு வைப்பது. 'முனி யொல்யொ இஸ்ஸொயோ' என்றால் கதவு திறந்திருக்கு. இவற்றை முதன்முறை படித்தபோது எங்கள் ஊர்க்காரர் யாரோ அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. இப்படித் தோன்றியது எனக்கு மட்டுமில்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூலை சியோலில் வெளியிட்டிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. அவர்களும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்துக்கொண்டு கோட்டை கட்ட வேண்டாம். வினையைக் கடைசியில் வைத்து, ஒட்டு ஒட்டாகச் சேர்த்துப் பேசும் மொழிகள் உலகில் நிறைய இருக்கின்றன. ஆனால் உறவு இல்லாவிட்டாலும் பழக்கம் உதவுகிறது.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. 'உட்கார்ந்துகிட்டு இருக்கான்' என்று நாம் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டவனைத்தான் சொல்கிறோம். கொரியத்தில் அதற்கு 'அன்ஜா இஸ்ஸொயோ'. 'கிட்டு' இருக்கிறதே என்று நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் 'கோ' சேர்த்து 'அன்க்கோ இஸ்ஸொயோ' என்றால், அவன் பாதி குனிந்து நாற்காலியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறான். உடை ஒரு விதிவிலக்கு. சட்டை போட்டிருக்கிறார் என்பதற்கு 'கோ' சேர்த்து 'இப்கோ இஸ்ஸொயோ' என்றே சொல்வார்கள்.

கடைசியாக, நான் தாமதமாகக் கவனித்த ஒன்று. எனக்குக் குளிருது என்றால் 'சுவொயோ'. போகணும்னு இருக்கு என்றால் 'ககோ ஷிபொயோ'. இதையே பக்கத்திலிருக்கும் மின்ஸுவுக்குச் சொல்ல வேண்டுமென்றால் 'சுவொஹெயோ', 'ககோ ஷிபொஹெயோ' என்று 'ஹெ' நடுவில் வந்துவிடும். அடுத்தவன் உடம்புக்குள் புகுந்து அவனுக்குக் குளிர்கிறது என்று எப்படிச் சொல்வது? நடுங்குவதைப் பார்த்து, குளிர்கிற மாதிரி நடந்துகொள்கிறான் என்றுதான் சொல்ல முடியும். தமிழில் 'அவனுக்குக் குளிருது' என்று தைரியமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவனே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நாமும் கவனமாக 'குளிருதாம்' என்று ஒரு 'ஆம்' சேர்த்துக்கொள்கிறோம்.